சூரியனுக்கு அம்மை போட்ட வருஷம்

போன வாரம் நம்முடைய பள்ளிக்கூடக் குழுவில் யாரோ ஒரு செய்தி அனுப்பியிருந்தீர்கள். சூரியனில் புயல் கிளம்பியிருக்கிறது, செல்போன் வேலை செய்யாமல் போகலாம் என்று. அதற்குக் கீழே ஒருவர் விடாமல் சிரிப்புப் பொம்மை போட்டீர்கள். “அப்பாடா, ரெண்டு நாள் நிம்மதி” என்று ஒருத்தி எழுதியிருந்தாள். நான் மட்டும் ஒன்றும் போடவில்லை. ஏன்டி என்று தனியாகக் கேட்டவளுக்கு, அப்புறம் சொல்கிறேன் என்று பதில் போட்டேன். ஒரு வாரமாக யோசித்து இப்போது எழுதுகிறேன். எல்லோருக்குமாகவே எழுதிவிடுகிறேன்.

என் சித்தப்பாவை உங்களில் பாதிப் பேருக்கு ஞாபகம் இருக்கும். அரியலூர் ரயிலடிக்குப் போகிற சாலையில், சைக்கிள் கடைக்கும் தையல் கடைக்கும் நடுவில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடை இருந்ததே, அதுதான் அவருடையது. கையை நீட்டினால் இரண்டு பக்கச் சுவரும் தட்டும். வயிற்றைப் பிளந்து வைத்த மாதிரி ரேடியோக்கள் கிடக்கும். ஈயம் உருகுகிற வாசனையும் சூடான தூசி வாசனையும் எப்போதும் இருக்கும். சித்தப்பா என் அப்பாவுக்கு ஒரே தம்பி. பத்து வயது வித்தியாசம். தாத்தா சீக்கிரமே போய்விட்டதால் அப்பாதான் அவரை வளர்த்தார். அப்பா வந்தால் சித்தப்பா உட்கார மாட்டார். அப்பா பேசினால் கடைசி வார்த்தை முடிகிறவரை இவர் வாய் திறக்க மாட்டார்.

அந்த வருஷம் மாசி மாதம் கிரகணம் பிடித்தது. டவுன் பஸ் மத்தியானத்தில் காலியாக ஓடியது. அம்மா ஜன்னல் இடுக்கிலெல்லாம் பழைய சேலையைத் திணித்துவிட்டு, தாம்பாளத் தண்ணீரில் உலக்கையை நிறுத்தி வைத்து, அது நிற்கிறதா என்று எங்களைக் காவல் வைத்தாள். ஊரே கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தது. கதவைத் திறந்த பிறகுதான் எல்லோருக்கும் ஆசை வந்தது. ஐயோ, பார்க்காமல் விட்டுவிட்டோமே என்று. பேப்பர்காரர்களும் சும்மா இருக்கவில்லை. சூரியனில் கரும்புள்ளிகள் இருக்கின்றன, பதினோரு வருஷத்துக்கு ஒரு முறை அவை பெருகும், இது பெருகுகிற காலம் என்று வாராவாரம் எழுதினார்கள். டீக்கடையில் அதை வாய்விட்டுப் படிப்பார்கள். கேட்கிறவர்கள் வாசலுக்கு வந்து நெற்றியில் கை வைத்து அண்ணாந்து பார்த்துவிட்டு, கண் கூசி உள்ளே போவார்கள்.

சித்தப்பாவுக்கு இதில் அக்கறை வந்தது வேறு விதமாக. பங்குனியில் ஒரு நாள் காலையிலிருந்து ஆள் மாற்றி ஆள் ரேடியோவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். “நீ ரிப்பேர் பண்ணிக் குடுத்து எட்டு நாள் ஆவல தம்பி. சிலோன் எடுக்க மாட்டேங்குது” என்றார் ஒருவர். அடுத்தவரும் அதையே சொன்னார். சிலோன் தமிழ்ப் பாட்டு அந்தக் காலத்தில் நமக்கெல்லாம் சாப்பாடு மாதிரி அல்லவா? அது இல்லாவிட்டால் ரேடியோவே வீண். சித்தப்பா ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தார். எதிலும் பழுதில்லை. ராத்திரி சாப்பிடாமல் படுத்தார். மறுநாள் எல்லா ரேடியோவும் தானாகப் பாடியது. இரண்டு நாள் கழித்துத் தையல் கடைக்காரர் பேப்பரைக் கொண்டுவந்து காட்டினார். சூரியனில் புயல் அடித்தால் ரேடியோ கெடும் என்று அதில் போட்டிருந்தது.

அன்றிலிருந்து அவருக்கு அதே பேச்சு. பட்டாளத்திலிருந்து வந்த ஒருவரிடம் ஒரு பக்கம் உடைந்த பைனாகுலர் இருந்தது. அதை வாங்கி ஸ்டூலின் மேல் கட்டி, கடைக் கதவை முக்கால்வாசி இறக்கி, இடுக்கு வழியாக வரும் வெயிலை நல்ல பக்கத்தின் வழியே ஒரு வெள்ளை அட்டையில் விழவைத்தார். தோசை அளவுக்குச் சூரியன் அட்டையில் வந்து உட்கார்ந்தது. அதன் மேல் மிளகைத் தூவின மாதிரி புள்ளிகள். கண்ணால் நேராகப் பார்க்கவே கூடாது, அட்டையில்தான் பார்க்க வேண்டும் என்று வருகிறவர்களிடமெல்லாம் கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொல்வார்.

நீங்களும் வந்தீர்கள். காக்கா உட்கார்ந்திருக்கு என்று கத்தினது யார் என்றுகூட எனக்கு ஞாபகம் இருக்கிறது, பெயர் சொல்ல மாட்டேன். நாம் மட்டுமா? கண்டக்டர்கள், மார்க்கெட்டுக்குக் கத்தரிக்காய் கொண்டுவந்தவர்கள், கோர்ட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் குனிந்து குனிந்து உள்ளே வந்தார்கள். பூ விற்கிற அம்மா ஒருத்தி வெகு நேரம் பார்த்துவிட்டு, “அடி ஆத்தி, அவருக்கே அம்மை போட்டுருக்கே!” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மறுநாள் ஒரு கொத்து வேப்பிலையைக் கொண்டுவந்து கடை வாசலில் செருகிவிட்டுப் போனாள். ஊர் முழுக்க அந்தப் பேச்சுத்தான். சூரியனுக்கு அம்மை.

“மழை வருமா தம்பி? அத சொல்லு” என்பார்கள் பெரம்பலூர்ப் பக்கத்துப் பருத்திக்காரர்கள்.

“அது எனக்குத் தெரியாதுங்க. ரேடியோ எடுக்குமா எடுக்காதான்னு வேணா சொல்லலாம்.”

அந்தப் பதில் யாருக்கும் பிடிக்கவில்லை. தெரியாது என்று சொல்கிறவனை எதற்கு நம்ப வேண்டும்?

சித்திரையில் எனக்கே அம்மை போட்டது. வேப்பிலைப் படுக்கையில் பத்து நாள் கிடந்தேன். ஊரில் வேறு நான்கைந்து பிள்ளைகளுக்கும் போட்டிருந்தது, ஒவ்வொரு கோடையிலும் போடுவதுதான். ஆனால் அம்மாவுக்குக் காரணம் தெரிந்துவிட்டது. தலைக்குத் தண்ணீர் ஊற்றின அன்று ஈரத் தலையோடு என்னைச் சாமி படத்தின் முன்னால் நிறுத்தினாள்.

“இனிமே அந்தக் கடைப்பக்கம் போவமாட்டேன், அந்தக் கருமத்தப் பாக்கமாட்டேன்னு மாரியாத்தா மேல சத்தியம் பண்ணு.”

பண்ணினேன். இரண்டு வாரம் தாங்கினேன். அப்புறம் நோட்டு வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன். புள்ளிகள் நாளுக்கு நாள் நகருவதைப் பார்த்து ருசி கண்டவளால் எப்படி இருக்க முடியும்? ஒரு விளிம்பில் தோன்றி, நடுவுக்கு வந்து, மறு விளிம்பில் மறையும். பெரிய கூட்டமாக இருந்தால் அடுத்த மாதம் திரும்ப வரும். சித்தப்பா தேதி போட்டு வரைந்து வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டார். “அண்ணிகிட்ட சொல்லிட்டுத்தான வந்த?” என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

இதற்கு நடுவில் சித்தப்பாவுக்குப் பெண் பார்த்திருந்தார்கள். திருமழபாடியில், கொள்ளிடக் கரையோரம், நெல் வயல் உள்ள குடும்பம். பெண்ணின் அப்பா ஊரில் பெரிய ஆள். அவர் வீட்டில் ஒரு பழைய வால்வு ரேடியோ இருந்தது. தேக்குப் பெட்டி, முன்பக்கக் கண்ணாடியில் ஊர் ஊராகப் பெயர் எழுதியிருக்கும், ஸ்டேஷன் சரியாகப் பிடித்தால் பச்சைக் கண் ஒன்று குவியும். இப்போது யார் வீட்டிலாவது அப்படி ஒன்று இருக்கிறதா? அது வருஷக்கணக்கில் ஊமையாகக் கிடந்தது. மாப்பிள்ளை ரேடியோக்காரர் என்றதும் கொடுத்தனுப்பினார்கள். சித்தப்பா இருபது நாள் உட்கார்ந்து அதைப் பேச வைத்தார். கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்த அன்று, வழக்கமாகப் பேசாதவர், என்னிடம் சொன்னார்.

“அந்தப் பொண்ணு, ஷார்ட் வேவ்னா என்னன்னு கேட்டுச்சு பாப்பா. இத்தன வருசத்துல என்கிட்ட யாருமே கேட்டதில்ல.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“மீடியம் வேவ், நம்ம திருச்சி ஸ்டேஷன் மாதிரி, தரையோட ஊர்ந்து வரும். ஷார்ட் வேவ், சிலோன் வர்றது அதுலதான், மேல போயி வானத்துல முட்டித் திரும்பி வரும், செவுத்துல அடிச்ச பந்து மாதிரி. சூரியன் கலங்குச்சுன்னா வானம் கலங்கிடும், பந்து திரும்பாதுன்னு சொன்னேன். உடனே புரிஞ்சுகிச்சு.” சொல்லிவிட்டு வேலை இல்லாமலே ஸ்குரூவைத் திருகிக்கொண்டிருந்தார்.

வைகாசியில் நிச்சயதார்த்தம். அதற்கு முந்தின நாள் சாயங்காலம் நான் கடைக்குப் போயிருந்தேன். அட்டையில் சூரியனின் நட்டநடுவே பெரிய கூட்டம். ஒரு புள்ளி இல்லை, எறும்புப் புற்று மாதிரி. சித்தப்பா போன மாத அட்டையை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். “அதே கூட்டந்தான், திரும்பி வந்துருக்கு. போன தடவ இது நடுவுக்கு வந்தப்ப சிலோன் படுத்துடுச்சு. நாளைக்கும் படுத்தாலும் படுக்கும்” என்றார். சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது.

மறுநாள் வேனில் போனோம். பந்தல் போட்டிருந்தார்கள். நல்ல நேரத்துக்கு இன்னும் முக்கால் மணி இருந்தது. தட்டு மாற்றவில்லை. எல்லோரும் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது பெண்ணின் அப்பா எழுந்து, ரேடியோவின் மேல் போட்டிருந்த பூத்துணியை எடுத்தார்.

“மாப்ள கைபட்ட செட்டு. சிலோன் காதுக்குள்ள வந்து பேசும், கேளுங்க.”

பச்சைக் கண் எரிந்தது. ஸ்ஸ்ஸ் என்று இரைச்சல். முள்ளை இந்தப் பக்கம் தள்ளினார், அந்தப் பக்கம் தள்ளினார். எண்ணெயில் ஏதோ பொரிகிற மாதிரி சத்தம் மட்டும் வந்தது. அவர் முகம் சுருங்கியது. பெண்ணின் தாய்மாமன், “திருச்சி வருதா பாருங்க” என்றார். திருச்சி கணீரென்று வந்தது. யாரோ உரம் போடுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

“திருச்சி வருது, சிலோன் வரல. அப்ப உள்ள எதையோ மாப்ள கழட்டி எடுத்துக்கிட்டாப்ல” என்றார் தாய்மாமன். விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் பந்தலில் எல்லோரும் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

சித்தப்பா எழுந்தார். “இல்லீங்க மாமா. செட்டு நல்லாருக்கு. சூரியன்ல புயல் அடிக்குது. ரெண்டு நாள்ல தானா வந்துரும்.”

ஒரு நொடி யாருக்கும் புரியவில்லை. அப்புறம் சிரித்தார்கள். “வெளிய வெயிலு நல்லாத்தான அடிக்குது மாப்ள, புயல காணமே!” அடுத்த வீட்டிலிருந்து ஒருவர் சின்ன டிரான்சிஸ்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதிலும் அதே உரக்காரர் பேசினார். “இந்தச் சின்னப் பொட்டியே பாடுது பாருங்க!” அந்தப் பெட்டியில் ஷார்ட் வேவே கிடையாது என்று சித்தப்பா சொன்னது யார் காதிலும் விழவில்லை. அவர் குரல் ஏற ஏற அவர்களுடைய சிரிப்பும் ஏறியது. பந்து, வானம், சுவர் என்று என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் அப்பாவிடம் திரும்பினார்.

“அண்ணே, நேத்தே சொன்னேன்ணே. பாப்பாவும் பாத்துச்சு. கேளுங்க.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்பா பார்த்தார். அப்பாவுக்குப் பின்னால் பட்டுச்சேலையில் அம்மா நின்றிருந்தாள். அவள் கண் என்மேல் இருந்தது. எனக்கு முகத்தில் அம்மைப் புண் இன்னும் முழுக்க ஆறியிருக்கவில்லை.

“பாத்தியா?” என்றார் அப்பா.

“எனக்குத் தெரியாது. நான் கடைக்கே போவலப்பா.”

சித்தப்பா என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. இருட்டில் இல்லாத படியில் கால் வைத்தவர் மாதிரி ஒரு முகம். அவ்வளவுதான் பார்த்தேன், குனிந்துகொண்டேன். அறை விழுந்த சத்தம் மட்டும் கேட்டது.

“பொய்க்குப் புள்ளையவும் சேத்துக்கறியாடா?”

அப்பா அவரைக் கைநீட்டி அடித்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை. இப்போது யோசித்தால், கல்யாணத்தைக் காப்பாற்றத்தான் அடித்தார் என்று தோன்றுகிறது. பெரியவன் கண்டித்துவிட்டான், விஷயம் முடிந்தது என்று அவர்கள் சமாதானமாகிவிடுவார்கள் என நினைத்திருப்பார். ஆனால் பெண்ணின் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“கூடப்பொறந்த அண்ணனே நம்பலங்கறப்ப, நாங்க எத நம்பிங்க பொண்ணு குடுக்கறது?”

உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. “அப்பா, ரெண்டு நாள் பொறுத்துப் பாப்பமேப்பா.” அந்தப் பெண்ணின் குரல்தான். யாரோ பெரியவள் அதட்டினாள். கதவு சாத்தப்பட்டது. நாங்கள் கொண்டுபோன பழத் தட்டுகளை அப்படியே வேனில் ஏற்றினோம். வேனுக்குள் மல்லிகைப்பூவும் வாழைப்பழமும் வெயிலில் புழுங்கின வாசனை. இன்றைக்கும் அந்த இரண்டும் சேர்ந்த வாசனை வந்தால் நான் எழுந்து வெளியே போய்விடுவேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் சித்தப்பா பேப்பரோடு வந்தார். இரண்டு நாளாகச் சவரம் செய்யவில்லை. அப்பா சாப்பிட்டு முடித்துக் கை துடைத்துக்கொண்டிருந்தார். பேப்பரை மடித்து அவர் முன்னால் வைத்தார். சூரியனில் பெரிய புயல், பல நாடுகளில் சிற்றலை வானொலி தடைப்பட்டது என்று நாலு வரிச் செய்தி.

அப்பா இரண்டு முறை படித்தார். அது எனக்கு நன்றாகத் தெரியும். முதல் முறை படிக்கையில் கண் வேகமாக ஓடியது. இரண்டாம் முறை மெதுவாகப் போனது.

“அண்ணே, ஒரே ஒரு நடை. போயி இத மட்டும் காட்டிட்டு வாங்க. அவங்க வேணாம்னாலும் பரவால்ல. நான் திருடன் இல்லன்னு மட்டும் தெரிஞ்சாப் போதும்.”

“நான் போயி என்னான்னு சொல்றது? நாலு பேரு முன்னாடி எந்தம்பிய அடிச்சது தப்பு, நான் ஒண்ணும் தெரியாதவன்னு சொல்லிட்டு வரவா?”

“அண்ணே...”

“வுடு. ஊருல வேற பொண்ணு இல்லாமப் போச்சா.”

அப்பா பேப்பரை நான்காக, எட்டாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அது அப்புறம் என்ன ஆயிற்று என்று தெரியாது. நான் கதவோரம் நின்றிருந்தேன். இப்போதாவது வாயைத் திறந்து, நான் பார்த்தேன் அப்பா என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அன்று சாயங்காலம், விளக்கு வைப்பதற்குச் சற்று முன்னால், ஒரு தகரப் பெட்டியோடு சித்தப்பா ரயிலேறினார். மெட்ராஸ் போய் அங்கிருந்து பம்பாய் போனார். கடைச் சாமான்களைத் தையல் கடைக்காரர் பத்திரப்படுத்தி வைத்திருந்தார். கேட்டு யாரும் வரவில்லை.

வருஷத்துக்கு ஒரு கடிதம் வரும். அண்ணன், அண்ணி, பாப்பா நலமா என்று இருக்கும். அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றார். ரேடியோ வேலையைத் தொடவே இல்லை என்று அப்புறம் தெரிந்தது.

அப்பா இறந்தபோது வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. தலைமாட்டில் வெகு நேரம் நின்றார். உட்காரவில்லை. காரியமெல்லாம் முடிந்த மறுநாள், கொல்லையில் தனியாக இருந்தபோது, அவர் எதிரே போய் நின்றேன். எனக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் இருந்த நேரம்.

“சித்தப்பா, அன்னைக்கு நான் பொய் சொல்லிட்டேன்.”

எந்த அன்றைக்கு என்று அவர் கேட்கவில்லை. “நீ பாத்தேன்னு சொல்லியிருந்தா உனக்கும் சேத்து அடி வுழுந்திருக்கும். முகத்துல புண்ணு ஆறாம இருந்துச்சு உனக்கு” என்றார். அப்புறம், “காப்பி போடேன்” என்றார். நான் உள்ளே போய் அழுதுவிட்டுக் காப்பி போட்டுக் கொண்டுவந்தேன்.

இது இதோடு முடிந்திருந்தால் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டேன்.

அதற்குப் பல வருஷம் கழித்து, பெரம்பலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் என் பக்கத்து நாற்காலியில் ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தாள். ஊர், உறவு விசாரித்துக்கொண்டு வந்தோம். அரியலூர் என்றதும் என் முகத்தையே பார்த்தாள். “ரேடியோக்காரர் வூட்டுப் பாப்பாவா நீங்க?” என்றாள். அவள்தான், அந்தத் திருமழபாடிப் பெண். வாலிகண்டபுரத்துக்கு வாழ்க்கைப்பட்டு, மூன்று பிள்ளைகள், பேரன் பேத்தி எடுத்திருந்தாள். நல்ல மனிதராம் வீட்டுக்காரர். மேளச் சத்தத்தில் அவள் பேசுவது சரியாகக் கேட்கவில்லை. என் காதருகே குனிந்து சொன்னாள்.

“அவரு ரெண்டு நாள்ல வரும்னு சொன்னாருல்ல? நான் தெனம் விடியக்காலம் எந்திரிச்சு, சத்தத்தக் கொறச்சு வச்சுப் பாத்தேன். மூணாம் நாள் காலையில ஆறு மணிக்குப் பாடுச்சுங்க. அவ்ளோ தெளிவா. எங்கப்பா எந்திரிச்சு வந்து பின்னாடி நின்னாரு. ஒரு பாட்டு முழுசாக் கேட்டாரு. அப்பறம் அவரே அணைச்சுட்டு, வெளிய யாருக்கும் சொல்லாதன்னாரு.”

“நீங்க ஒரு வார்த்தை சொல்லியனுப்பியிருக்கலாமே” என்று என் வாயில் வந்துவிட்டது.

“யாருகிட்டங்க சொல்லியனுப்பறது?” என்றாள். அவள் கேட்டதில் தப்பில்லை. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். தாலி கட்டுகிற நேரம், எல்லோரும் எழுந்தார்கள், நாங்களும் எழுந்து அட்சதை போட்டோம்.

அன்று ராத்திரியே பம்பாய்க்குப் போன் செய்தேன். சொல்லலாமா கூடாதா என்று யோசிக்கவே இல்லை. அவள் நம்பினாள் என்பது அவருக்குத் தெரிய வேண்டும் என்ற ஒரே நினைப்பு. சொன்னேன். தினமும் எழுந்து வைத்துப் பார்த்தாள் என்றேன், மூன்றாம் நாள் பாடியது என்றேன், அவள் அப்பா கேட்டுவிட்டு அணைத்தார் என்றேன்.



“மூணாம் நாளா?” என்றார்.

“ஆமா சித்தப்பா.”

“காலையிலயா, சாயங்காலமா?”

எதற்குக் கேட்கிறார் என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. மூன்றாம் நாள் காலையில் அவர் அரியலூரில்தான் இருந்தார். மத்தியானம் பேப்பரோடு அப்பா முன்னால் நின்றார். அண்ணன் போகாவிட்டால் என்ன, பஸ் ஏறித் தானே போயிருக்கலாம். அங்கே ஒருத்தி பாட்டைக் கேட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

“சாயங்காலம்” என்றேன்.

“வெளக்கு வச்சப்பறமா?”

“ஆமா. வெளக்கு வச்சு ரொம்ப நேரம் கழிச்சுன்னு சொன்னாங்க.”

அவர் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. “அப்ப நான் வண்டி ஏறிட்டேன்” என்றார். “ஏறி வெகுதூரம் போயிருப்பேன்.” அப்புறம் என் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிக் கேட்டார்.

அவர் போய் நான்கு வருஷம் ஆகிறது. அவரிடம் சொல்லாததை இப்போது உங்களிடம் சொல்லிவிட்டேன். இனி சூரியப் புயல் என்று ஏதாவது வந்தால் நீங்கள் சிரித்துக்கொள்ளுங்கள், எனக்கு வருத்தமில்லை. நான் மட்டும் ஒன்றும் போட மாட்டேன்.